பானையிலிருந்து அரசிதழ் வரை

ஸ்ரீவில்லிபுத்தூர் என்றதும் இலக்கிய வாசகனின் நினைவில் முதலில் விரிவது ஒரு தோட்டம்தான். பெரியாழ்வார் பூக்கொய்து மாலை கட்டிய நந்தவனம் அது. துளசிச் செடியின் அடியில் ஆண்டாள் கண்டெடுக்கப்பட்டதாக மரபு சொல்லும் இடம். அவள் பாடிய பாவை நோன்பிலும் மழை வேண்டல் உண்டு. ஒரு தோட்டமும் மழைக்கான வேண்டுதலும் ஒரே ஊரின் நினைவில் சேர்ந்திருப்பதில் வியப்பில்லை. செடி வளர்ப்பவனுக்கு இந்த மண்ணில் வானத்தைப் பார்த்து நிற்பதும் ஒரு வேலை.

அங்கிருந்து ராஜபாளையம் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்தான். இரண்டு ஊர்களுக்கும் மேற்கே மலை, கிழக்கே கண்மாய்கள். ஆண்டு மழையில் ஏறத்தாழப் பாதி அக்டோபர் முதல் டிசம்பருக்குள் பெய்து முடிந்துவிடும். மீதி மாதங்களைக் கண்மாயும் கிணறும் சுமக்க வேண்டும். வறட்சி என்றால் பாளம் பாளமாக வெடித்த நிலம்தான் நம் கண்முன் வருகிறது. ஆனால் அரை ஏக்கரில் கத்தரியோ தக்காளியோ போட்டவருக்கு அது ஒரு தண்ணீர் பாய்ச்சலுக்கும் அடுத்ததற்கும் இடையே நீளும் பத்து நாட்கள். அந்தப் பத்து நாட்களில் பூ உதிர்ந்துவிட்டால், பிறகு மழை வந்தும் பயனில்லை. அந்தப் பருவத்தின் காய் போயிற்று.

ஸ்ரீவில்லிபுத்தூரில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பருத்தி ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. எஸ்.வி.பி.ஆர். என்று ஊரின் பெயரையே முன்னெழுத்தாகத் தாங்கிய பருத்தி ரகங்கள் அங்கே பிறந்தவை. ஆனால் ஒரு புதிய ரகம் உருவாகப் பல ஆண்டுகள் ஆகும். இன்று வாடி நிற்கும் செடி அதுவரை காத்திராது. அந்தச் செடிக்கு இப்போதே எதையாவது கொடுக்க முடியுமா என்ற கேள்வி மிகப் பழையது. அதற்குச் சொல்லப்படும் இன்றைய விடையின் பெயர் உயிர் ஊக்கி. மருந்துக்கடைக்காரர் வாயில் பயோஸ்டிமுலன்ட். அது உரமும் அல்ல, பூச்சிமருந்தும் அல்ல. செடி தனக்குள் ஏற்கெனவே செய்துகொண்டிருக்கும் வேலையைத் தூண்டிவிடுவது.

பெயர் புதிது, எண்ணம் புதிதல்ல. சுரபாலர் இயற்றிய 'விருக்ஷாயுர்வேதம்' ஏறத்தாழப் பத்தாம் நூற்றாண்டின் வடமொழி நூல். அதில் குணபஜலம் என்றொரு திரவம் வருகிறது. இறைச்சி, கொழுப்பு, மீன் முதலியவற்றை வேகவைத்து, எள்ளுப் பிண்ணாக்கு, தேன், பால், நெய் ஆகியவை சேர்த்துப் புளிக்கவிட்டு மரத்துக்கு ஊற்றுவது. இந்நூலின் சுவடி ஆக்ஸ்ஃபோர்டின் போட்லியன் நூலகத்தில் கிடந்தது. நளினி சாதலேயின் மொழிபெயர்ப்பில் 1996ஆம் ஆண்டு ஆசிய வேளாண் வரலாற்று நிறுவனம் அதை வெளியிட்டது.

ஏறக்குறைய அதே காலத்தில், தொண்ணூறுகளின் இறுதியில், கொடுமுடியைச் சேர்ந்த மருத்துவர் நடராஜன் பஞ்சகவ்யத்தை வயலுக்குக் கொண்டுவந்தார். சாணம், கோமியம், பால், தயிர், நெய் ஆகியவற்றோடு கரும்புச்சாறு, இளநீர், வாழைப்பழம் எல்லாம் சேர்த்து, நாள்தோறும் கலக்கிவிட்டு, ஏறத்தாழ ஒரு மாதம் ஊறவைத்து, 100 லிட்டர் நீருக்கு 3 லிட்டர் வீதம் தெளிப்பது. பால்கோவாவுக்குப் பேர்போன ஊருக்கு இந்தப் பொருட்கள் புதிதா என்ன! இன்னொரு மருத்துவரையும் இங்கே நினைத்துக்கொள்ளலாம். ஒடெஸ்ஸாவின் கண் அறுவை வல்லுநர் விளாதிமிர் ஃபிலாதவ், நெருக்கடிக்குள்ளான உயிர்த்திசு தன்னைக் காக்கச் சில பொருட்களை உண்டாக்குகிறது, அவை பிற உயிரையும் தூண்டும் என்று 1933இல் ஒரு கருதுகோளை முன்வைத்தார். உயிர் ஊக்கி என்ற கருத்தின் வேரை அங்கே காண்பவர்கள் உண்டு. நோயாளிகளோடு பழகிய இருவரும் உயிர் தன்னைத்தானே தாங்கிக்கொள்ளும் ஆற்றலை நம்பினார்கள் என்பது எனக்குச் சுவாரசியமாகத் தோன்றுகிறது.

மூன்றாவது வழி கடலிலிருந்து வந்தது. 1910 முதல் 1985 வரை இவ்விரு ஊர்களும் பழைய ராமநாதபுரம் மாவட்டத்தின் மேற்கு ஓரத்தில் இருந்தன. அதே மாவட்டத்தின் கிழக்கு ஓரம் மண்டபம். பாவ்நகரைத் தலைமையிடமாகக் கொண்ட மத்திய உப்பு மற்றும் கடல்சார் வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் அங்கே கப்பாஃபைகஸ் என்ற கடற்பாசியை வளர்க்கக் கற்றுத்தந்தது. மூங்கில் மிதவைகளில் பெண்கள் வளர்க்கும் அந்தப் பாசியைப் பச்சையாகவே பிழிந்தால், சக்கையிலிருந்து உணவுத் தொழிலுக்கான கராஜீனன் கிடைக்கும். சாறு பயிருக்குத் தெளிப்பாகும். பொட்டாசியமும் சைட்டோகைனின் போன்ற வளர்ச்சிப் பொருட்களும் அதில் உண்டு. ஆனால் அயலிலிருந்து வந்த இந்தப் பாசி குருசடைத் தீவருகே பவளப்பாறைகளின் மேல் படர்ந்துவிட்டதை ஆய்வாளர்கள் 2008இல் பதிவுசெய்தார்கள். மலையடிவாரக் கத்தரிக்கான ஆறுதலுக்குக் கடலும் ஒரு விலை கொடுக்கலாம்.

2016இன் வடகிழக்குப் பருவமழை ஏறத்தாழ 60 சதவீதம் பொய்த்தது. 2017 ஜனவரியில் எல்லா மாவட்டங்களும் வறட்சி பாதித்தவையாக அறிவிக்கப்பட்டன. அத்தகைய காலங்களுக்கென வேளாண் பல்கலைக்கழகம் பரிந்துரைப்பது பி.பி.எஃப்.எம். என்ற பாக்டீரியக் கரைசல். இலைகள் மூச்சுவிடுகையில் சிறிதளவு மெத்தனாலும் வெளியேறுகிறது. அதை உண்டு இலைமேல் வாழும் இளஞ்சிவப்பு நிற நுண்ணுயிர்கள் பதிலுக்கு வளர்ச்சிப் பொருட்களைச் சுரக்கின்றன. 1 சதவீதக் கரைசலாகத் தெளித்தால் இலை முதுமையடைவது சற்றுத் தள்ளிப்போகும்.

'சற்று' என்பதே இந்த வரலாற்றின் மையச்சொல். இவை எதுவும் நீரை உண்டாக்குவதில்லை. வேரை ஆழப்படுத்தலாம், பூ உதிர்வதைக் குறைக்கலாம். ஓரளவு ஈரம் இருக்கும் நிலத்தில் அந்தப் பத்து நாட்களைக் கடக்க உதவலாம். அடியோடு வறண்ட நிலத்தில் எந்தப் புட்டியும் பேசாது. விற்பவர்கள் இந்த எல்லையைச் சொல்வதில்லை. பானையில் ஊறியபோது செலவு உழைப்பு மட்டுமே. புட்டியில் வந்ததும் அது கடனாயிற்று. எது உண்மை, எது வெறும் வண்ணத் தண்ணீர் என்று பிரித்தறியும் வழி வாங்குபவரிடம் இல்லை.

உரக் கட்டுப்பாட்டு ஆணை 1985இல் வந்தது. விருதுநகர் மாவட்டம் பிறந்த அதே ஆண்டு. அந்த ஆணைக்குள் உயிர் ஊக்கிகள் சேர்க்கப்பட 2021 பிப்ரவரி வரை ஆயிற்று. ஒரு காலத்தில் சுமார் 30,000 பொருட்கள் கேள்வியின்றி விற்கப்பட்டதாகவும், பிறகும் 8,000 புழங்கியதாகவும், கண்டிப்புக்குப் பின் அவை ஏறத்தாழ 650 ஆகக் குறைந்ததாகவும் ஒன்றிய வேளாண் அமைச்சர் 2025 ஜூலையில் சொன்னார். அப்படியானால் மறைந்துபோன பல்லாயிரம் புட்டிகளுக்கு வாடிய செடிகளின் பெயரால் பணம் கொடுத்தவர்கள் எத்தனை பேர்?

அரசிதழ் தரத்தை உறுதிசெய்யலாம். ஆனால் தெளிப்பான் தரும் பத்து நாள் தவணைக்குப் பொருள் வேண்டுமென்றால், பதினோராம் நாள் பாய்ச்சக் கிணற்றில் நீர் இருக்க வேண்டும். கிணற்று நீர் கண்மாயின் கொடை. நந்தவனத்துக்கு நீர் இறைத்தவர்களுக்கு இது தெரிந்திருக்கும். அவர்களும் மழையைத்தான் வேண்டினார்கள். ஆனால் பெய்த மழையைத் தேக்கக் கண்மாயையும் வெட்டி வைத்தார்கள்.