கண்ணாடிக்கு அப்பால்

மீனைப் படம் பிடிக்கப் போய் என்னையே பிடித்துக்கொண்டு வந்தவன் நான். கடன் வாங்கிய காமிராவோடு ஒரு மீன் காட்சிசாலைக்குப் போனேன். படத்தைக் கழுவிப் பார்த்தால், தொட்டிக்குள்ளே என் வெள்ளைச் சட்டையும், வயிற்றுக்கு நேரே ஒரு வெளிச்சப் பொட்டும் இருந்தன. ஓரத்தில் ஒரு வால். அது மீனுடையது.

“கறுப்புச் சட்டை போட்டுக்கொள்ளும் ஐயா! லென்ஸைக் கண்ணாடியோடு ஒட்டி வையும். விளக்கு தொட்டிக்கு மேலே இருக்கட்டும். சாய்வாகப் பார்த்தால் உருவம் கோணிப்போகும்” என்றார் விஷயம் தெரிந்த நண்பர். தொட்டிக்குள் இன்னொரு கண்ணாடியை இறக்கி, மீன் முன்பக்கத்தை விட்டு விலகாதபடி நெருக்கிவிடுவதும் உண்டாம். இது மட்டும் எனக்கு ருசிக்கவில்லை. சிறைக்குள் ஒரு சிறையா?

லண்டன் ரீஜண்ட் பூங்காவில் 1853-ல் திறந்த ‘மீன் மாளிகை’தான் பொதுஜனங்களுக்கென்று ஏற்பட்ட முதல் மீன் காட்சிசாலை. அந்தக் காலத்துப் படத் தகட்டுக்கு விநாடிக் கணக்கில் வெளிச்சம் வேண்டும். மனிதனையாவது கழுத்துக்கு முட்டுக் கொடுத்து உட்கார்த்தி வைக்கலாம். மீனுக்கு எங்கே முட்டுக் கொடுப்பது?

காத்திருக்கத் தெரிந்தவர் என்றால் எனக்கு ழான் பென்லவே ஞாபகம்தான் வருகிறது. பிரான்ஸின் பிரதம மந்திரியாக இருந்த கணித மேதை பால் பென்லவேயின் மகன். 1928-ல் பாரிஸ் விஞ்ஞானக் கழகத்தில் மீன் முட்டையைப் பற்றிய தம் படத்தைக் காட்டியபோது, ஸினிமாவாவது விஞ்ஞானமாவது என்று ஒரு பெரியவர் கோபித்துக்கொண்டு எழுந்து போய்விட்டாராம். மனிதர் அசரவில்லை. 1930-களில் கடற்குதிரையை எடுத்தார். கடற்குதிரையில் பிரசவம் ஆணுக்கு. பெண் தன் முட்டைகளை ஆணின் வயிற்றுப் பையில் இட்டுவிட்டுப் போய்விடும். சுமப்பதும் வலியில் துடிப்பதும் அப்பன்தான். அந்த வேளை எப்போது வரும் என்று யார் சொல்வது? தொட்டியின் முன்னால் இரவு பகலாகக் காத்திருந்தார் பென்லவே. கண் அயர்ந்து தலை காமிராவின்மேல் சாய்ந்தால் மின்சாரம் சுருக்கென்று தட்டி எழுப்பும்படி ஓர் ஏற்பாடும் செய்துகொண்டாராம்.

அவருடைய கடற்குதிரையும் தொட்டியில் அடைபட்டதுதான். அதை நான் மறைக்கவில்லை. ஆனால் நெருக்கப்பட்டது மீனல்ல, படம் எடுத்தவர். அந்தப் படத்தைப் பார்த்திருக்கிறேன். உடம்பை வளைத்து நெளித்து ஆண் குதிரை தவிக்கிறது, பை திறக்கிறது, நூல் துணுக்குகள்போலக் குஞ்சுகள் வெளியே பாய்கின்றன. எதிரே கண்ணாடி ஒன்று இருந்ததே நினைவுக்கு வருவதில்லை.

என் படத்தை நான் கிழித்துப் போடவில்லை. வால் இருக்கிறதே.