சுகாதார நிர்வாகப் பட்டப்படிப்பு

வைத்தியசாலைகளையும் சுகாதாரப் பணிமனைகளையும் நடத்துவதற்கான முதல்நிலைப் பட்டப்படிப்பு. கணக்கியல், மனிதவளம், மருந்துக் கையிருப்பு, நோயாளர் பதிவேடுகள், தொற்றுநோயியல், சட்டம் ஆகியவை இதில் கற்பிக்கப்படுகின்றன. இத்துறையின் முதுநிலைக் கல்வியை 1934இல் சிக்காகோ பல்கலைக்கழகம் தொடங்கியது.

இலங்கையில் பாதை வேறு. அரச வைத்தியசாலைகளை வழிநடத்துவோர் வைத்தியர்களே. கொழும்புப் பல்கலைக்கழகப் பட்டப்பின் மருத்துவ நிறுவகத்தின் மருத்துவ நிர்வாகப் பட்டங்களும் வைத்தியர்களுக்கானவை.

உதாரணமாக, மட்டக்களப்பு–திருகோணமலை நெடுஞ்சாலையோரம், வாகரைப் பிரதேசத்தில் உள்ள மாங்கேணியின் மாணவர் ஒருவருக்கு மிக அருகிலுள்ள அரச பல்கலைக்கழகம் வந்தாறுமூலையிலுள்ள கிழக்குப் பல்கலைக்கழகம். 1981இல் பல்கலைக்கழகக் கல்லூரியாகப் பிறந்து 1986இல் முழுப் பல்கலைக்கழகமானது. அதன் வணிக முகாமைத்துவ பீடத்தில் வியாபார நிர்வாகமும், சுகாதார பராமரிப்பு விஞ்ஞான பீடத்தில் மருத்துவமும் தாதியியலும் உண்டு. வைத்தியராக விரும்பாமல் நிர்வாகத்துக்கு வர நினைப்பவருக்கு வியாபார நிர்வாகமே பொருத்தமான தொடக்கம்.

படிக்க வேண்டிய சிக்கல்கள் ஊரைச் சுற்றியே கிடக்கின்றன. அரசியலமைப்பின் 1987ஆம் ஆண்டு 13ஆவது திருத்தத்துக்குப் பிறகு சுகாதாரம் இரண்டாகப் பிரிந்தது: மட்டக்களப்பு போதனா வைத்தியசாலை மத்திய அமைச்சின் கீழ், வாகரை வைத்தியசாலை மாகாணத்தின் கீழ். கடும் நோயாளி ஒருவரை வாகரையிலிருந்து மட்டக்களப்புக்கு அனுப்புகையில் அம்புலன்ஸ், கடிதம், கட்டில் எல்லாமே இரு நிர்வாகங்களைக் கடக்கின்றன. 2004 ஆழிப்பேரலையும், 2006–07 போரில் வாகரை வைத்தியசாலையில் மக்கள் தஞ்சமடைந்த நாட்களும் நெருக்கடிக்கால நிர்வாகத்தின் அருமையை உணர்த்தின.

சுகாதார நிர்வாகப் படிப்பைத் தமிழ் மாணவர்களுக்காகக் கிழக்குப் பல்கலைக்கழகம் தனிப் பட்டமாகத் தொடங்க வேண்டும்.