ஈசிங்டன் ஊரக மாவட்டம்

ஈசிங்டன் ஊரக மாவட்டம் என்பது வடகிழக்கு இங்கிலாந்தின் டர்ஹம் கவுண்டியில் 1894 முதல் 1974 வரை இருந்த உள்ளாட்சிப் பகுதியாகும். தனக்கெனப் புதிய நகரம் ஒன்று வேண்டும் என்று கேட்டுப் பெற்ற ஊரக மன்றம் என்பதால் இது வரலாற்றில் இடம்பெறுகிறது.

தோற்றம்

1894ஆம் ஆண்டின் உள்ளாட்சிச் சட்டப்படி இங்கிலாந்தில் ஊரக மாவட்டங்கள் அமைக்கப்பட்டன. சிற்றூர்கள் பலவற்றைச் சேர்த்து, தேர்ந்தெடுக்கப்பட்ட ஒரு மன்றம் நிருவகித்தது. சுகாதாரமும் வீட்டுவசதியும் அதன் முக்கியப் பணிகள். அதற்கு மேல்நிலையில் கவுண்டி மன்றம் இருந்தது.

பெயரில் ஊரகம், நிலத்தடியில் நிலக்கரி

ஈசிங்டனில் 1899இல் சுரங்கம் தோண்டத் தொடங்கினர். நீர் ஊறிய மணல் அடுக்குகளைக் கடந்து 1910இல்தான் நிலக்கரியை எட்டினர். ஹார்டனிலும் பெரிய சுரங்கம் உருவானது. வயல்களுக்கு நடுவே தொழிலாளர்களின் வரிசை வீடுகள் எழுந்தன. வேலை இருந்தது, ஆனால் நல்ல வீடுகளும் நகர வசதிகளும் போதவில்லை.

புதிய நகரம்

இரண்டாம் உலகப் போருக்குப் பின் மன்றத்தின் பொறியாளர் சி. டபிள்யூ. கிளார்க் ஓர் அறிக்கை எழுதினார். "சீர்கேடே, போய் வா" என்பது அதன் தலைப்பின் பொருள். ஊருக்குச் சில வீடுகளாகச் சிதறிக் கட்டுவதை விட, எல்லோருக்குமாக ஒரே நகரம் அமைக்கலாம் என்பதே அவரது வாதம். பத்து வயதில் சுரங்க வேலைக்குச் சென்று, 1919இல் டர்ஹம் கவுண்டி மன்றத் தலைவரான பீட்டர் லீயின் பெயரை நகருக்குச் சூட்டவும் முன்மொழிந்தார். 1948இல் பீட்டர்லீ புதிய நகரமாக அறிவிக்கப்பட்டது.

கட்டடக் கலைஞர் பெர்தோல்ட் லுபெட்கின் நகர மையத்தில் உயர்ந்த கட்டடங்களைத் திட்டமிட்டார். அடியில் நிலக்கரி எடுத்தால் நிலம் தாழும் என்பதால் அது தடைப்பட்டது; 1950இல் அவர் விலகினார். தொழிலாளர்களுக்குச் சோறு போட்ட நிலக்கரியே அவர்களின் நகருக்கு இடையூறாகவும் நின்றது.

1951 மே 29 அன்று ஈசிங்டன் சுரங்கத்தில் நேர்ந்த வெடிவிபத்தில், மீட்புப் பணியாளர் இருவர் உட்பட 83 பேர் இறந்தனர்.

முடிவு

1972ஆம் ஆண்டின் சட்டத்தால் 1974இல் ஊரக மாவட்டங்கள் கலைக்கப்பட்டன. ஈசிங்டனின் பெரும்பகுதி சீஹம் நகருடன் இணைந்து புதிய ஈசிங்டன் மாவட்டமானது. 2009இல் அதுவும் மறைந்தது. ஈசிங்டன் சுரங்கம் 1993இலேயே மூடப்பட்டுவிட்டது. மன்றமும் இல்லை, சுரங்கமும் இல்லை. அந்த மன்றம் கேட்டுப் பெற்ற நகரில் மக்கள் இன்றும் வாழ்கின்றனர்.