செப்புத் தகடும் சட்டமும்

இலண்டனிற் கடனாற் சிறைப்பட்ட ஓர் ஆசிரியரின் மைந்தர் வில்லியம் ஹோகார்த். வெள்ளிப் பாத்திரங்களிற் சித்திரம் செதுக்கப் பழகிய அவர், 1720ஆம் ஆண்டில் தம் பெயர் பொறித்த விளம்பர அட்டையொன்றுடன் தனித்தொழில் தொடங்கினார். 1732இல் 6 படங்கள் கொண்ட தொகுதியொன்றை, அரைக் கினி முன்பணம் பெற்று, ஒரு கினி விலைக்குத் தாமே விற்றார். பொருள் குவிந்தது, போலிகளும் மலிந்தன. உழைத்தவர் ஊதியத்தை அச்சுக்கடைக்காரர் கவர்ந்தனர்.

ஹோகார்த் சோர்ந்தாரல்லர். ஏனைய கலைஞருடன் கூடிப் பாராளுமன்றத்திடம் முறையிட்டார். 1735ஆம் ஆண்டுச் சட்டம், செதுக்கும் கலைஞருக்கு 14 ஆண்டு உரிமை வழங்கியது. அது நடைமுறைக்கு வந்த யூன் 25ஆம் நாள்வரை, தம் அடுத்த 8 படங்களை வெளியிடாது காத்திருந்தார். அதற்குள், மூல ஓவியங்களைப் பார்த்துச் சென்றோர் நினைவிலிருந்தே போலிகளை வரைந்து முந்திக்கொண்டனர்! ஆயினும் அன்று பெற்ற உரிமை, அவருக்குப் பின்வந்த எளிய கலைஞர் பலருக்கும் அரணாயிற்று.