நெடுங்கைத் தளங்களின் தொய்வு வரம்பு

நெடுங்கைத் தளம் என்பது ஒரு முனை மட்டும் கட்டடத்தோடு பிணைக்கப்பட்டு, மறுமுனை தாங்கலின்றி வெளியே நீண்டிருக்கும் தளமாகும். பால்கனியும் சன்ஷேடும் இவ்வகையைச் சேர்ந்தவை.

கலிலியோ 1638-இல் வெளியிட்ட நூலில், சுவரில் செருகிய உத்தரம் எப்போது முறியும் என்று ஆராய்ந்தார். அது எவ்வளவு வளையும் என்பதைக் கணக்கிட, 18-ஆம் நூற்றாண்டில் ஆய்லரும் டேனியல் பெர்னூலியும் வகுத்த கோட்பாடு வழிசெய்தது. அதன்படி, தடிமன் மாறாமல் நீளம் மட்டும் இருமடங்கானால், சீரான பாரத்தில் முனையின் தொய்வு 16 மடங்காகும்.

இந்தியாவில் கான்கிரீட்டுக்கான தர விதியான ஐ.எஸ். 456 முதலில் 1953-இல் வெளிவந்தது. சங்கரன்கோவில் வட்டத்து மேலநீலிதநல்லூரில் எழும் மாடி வீட்டுக்கும் இதுவே அளவுகோல். இதன் 2000-ஆம் ஆண்டுப் பதிப்பின்படி மொத்தத் தொய்வு நீளத்தில் 250-இல் ஒரு பங்கைத் தாண்டக்கூடாது, 1.2 மீட்டர் பால்கனிக்கு இது 4.8 மி.மீ. தடுப்புச் சுவரும் பூச்சும் முடிந்தபின் ஏற்படும் தொய்வு 350-இல் ஒரு பங்கு, 20 மி.மீ. ஆகியவற்றுள் குறைந்ததற்குள் இருக்கவேண்டும். நீளத்துக்கும் பயனுறு ஆழத்துக்குமான அடிப்படை விகிதம், இருபுறமும் தாங்கப்பட்ட தளத்துக்கு 20. நெடுங்கைக்கு 7 மட்டுமே.

நெடுங்கையில் இழுவிசை மேற்பரப்பில் ஏற்படுவதால் முதன்மைக் கம்பிகள் மேலே அமையவேண்டும். கான்கிரீட் போடும்போது அவை மிதிபட்டுக் கீழிறங்கினால், தொய்வு மிகுவதோடு தளமே இடிந்து விழக்கூடும்.