பழைய மோட்டார்க் கார்கள் பகரும் வரலாறு

வரலாற்று மூலங்கள் என்றதும் கல்வெட்டும் செப்பேடும் ஓலைச்சுவடியுமே நம் நினைவுக்கு வருகின்றன. வெள்ளவத்தை ஒழுங்கைகளிலும் கொட்டாஞ்சேனையின் பழைய வீட்டு முற்றங்களிலும் இன்றும் இடையிடையே காணப்படும் மொறிஸ் மைனர், ஒஸ்ரின் ஏ 40 ஆகிய கார்களை எவரும் அவ்வரிசையிற் சேர்ப்பதில்லை. பழைய கார் மீதுள்ள பற்றினை வசதி படைத்தோரின் பொழுதுபோக்கு என ஒதுக்குவதே வழக்கம். இக்கருத்து இலங்கைக்குப் பொருந்துமா என ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதலில் அமெரிக்காவை நோக்குவோம். இரண்டாம் உலகப் போரை அடுத்த ஆண்டுகளிலே கலிபோர்னிய இளைஞர் மலிவாகக் கிடைத்த பழைய போர்ட் கார்களை வாங்கி, வேண்டாத பாகங்களைக் கழற்றி, இயந்திர வலுவைப் பெருக்கி, வேகப் போட்டிகளில் ஈடுபட்டனர். 'ஹொட் றொட்' எனப்பட்ட இக்கார்களுக்கெனத் தேசியச் சங்கமொன்று 1951இல் அமைந்தது. அங்கே பழைய காரை மாற்றியமைக்கத் தூண்டியது பொருட்பெருக்கம்; இங்கே அதனைப் பேணத் தூண்டியது பொருட்பற்றாக்குறை.

அலெக் இசிகொனிஸ் வடிவமைத்த மொறிஸ் மைனர் 1948இல் இங்கிலாந்தில் அறிமுகமாகி, பதினாறு இலட்சத்துக்கு மேல் உற்பத்தியாயிற்று. சிறிய குடும்பத்துக்கு ஏற்றதாகையால் இலங்கை மத்தியதர வகுப்பினரும் அதனை விரும்பினர். 1960களின் தொடக்கத்தில் அந்நியச் செலாவணி நெருக்கடியால் கார் இறக்குமதி கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்டது. உள்ள காரே தலைமுறைச் சொத்தாயிற்று. கிடைக்காத உதிரிப் பாகங்கள் கடைச்சற் பட்டறைகளில் உருவாயின. பஞ்சிகாவத்தை உதிரிப் பாகங்களுக்குப் பெயர்பெற்றது. 1977இன் பின் யப்பானிய கார்கள் பெருகியபோதும் இக்கைத்திறன் மறையவில்லை. 1990களில் இலங்கையில் ஆக்கப்பட்ட மைனர் பாகங்கள் இங்கிலாந்துக்கே ஏற்றுமதியாயின.

இக்கார்களின் இலக்கத் தகடும் கவனத்துக்குரியது. 1956இன் தனிச்சிங்களச் சட்டத்தை அடுத்து, 1957 சனவரி முதல் புதிய வாகனத் தகடுகளில் ஆங்கில எழுத்துக்களின் இடத்தைச் சிங்கள 'ஸ்ரீ' பெற்றது. தமிழரசுக் கட்சி இதனை எதிர்த்து இயக்கம் நடத்தியது. 1958இல் அத்தகடு தாங்கிய அரச பேருந்துகள் வடக்கிற்கு வந்தபோது அவ்வெழுத்துத் தார் பூசி அழிக்கப்பட்டது; தெற்கிலோ தமிழ்ப் பெயர்ப்பலகைகள் தார் பூசப்பட்டன. ஏப்ரலில் பண்டாரநாயக்க–செல்வநாயகம் ஒப்பந்தம் கைவிடப்பட்டது. மே மாதத்தில் இனக்கலவரம் மூண்டது. ஆண்டு குறிக்கப்படாத கல்வெட்டினை எழுத்தமைதி கொண்டு காலங் கணிப்பது போல, இத்தகட்டின் எழுத்தைக் கொண்டே கார் எக்காலத்தில் பதிவானதென அறியலாம்.

1990இல் போர் மீண்டும் தொடங்கியதும் யாழ்ப்பாணத்துக்கு எரிபொருள் தடைப்பட்டது. அப்போது ஏ 40களும் மைனர்களும் மண்ணெண்ணெயில் ஓடின. குளிர்ந்த இயந்திரத்தில் மண்ணெண்ணெய் எளிதில் ஆவியாகாது. எனவே சில துளி பெற்றோலை விட்டு இயந்திரத்தை இயக்கி, அது சூடேறியபின் மண்ணெண்ணெய்க்கு மாற்றினர். அமுக்க விகிதம் குறைந்த பழைய இயந்திரமாகையால் அது இம்மாற்றத்தைத் தாங்கியது. நோயாளரும் கர்ப்பிணிகளும் இக்கார்களிலே வைத்தியசாலை சென்றனர். வேகத்திற்காக அமெரிக்க இளைஞர் செய்த மாற்றத்தை, உயிர் பிழைத்தற்காக நம்மவர் செய்தனர்.

1983 யூலையில் வெள்ளவத்தை உள்ளிட்ட பகுதிகளில் வீடுகளோடு வாகனங்களும் எரியுண்டன. அத்தீக்குத் தப்பி இன்றும் தமிழர் வீட்டில் நிற்கும் காரைப் பொழுதுபோக்குப் பொருளென்று மட்டும் கூறிவிட முடியாது. காரைப் பேணுவோர் உளர். அதனைத் திருத்திய கைகளின் அறிவோ எழுத்தில் ஏறவில்லை. முதிய திருத்துநர் பலர் மறைந்துவிட்டனர். எஞ்சியோரின் வாய்மொழியைப் பதிவு செய்வது வரலாறு பயிலும் மாணவராகிய நம் கடனாகும்.