பருப்பை விட்டோம், சோற்றைப் பிடித்தோம்: குன்னூர் எலிகள் முதல் கம்மாபுரம் வரை ஒரு நூற்றாண்டுக் கதை

1.
மூணு மாசத்துக்கு முன்னாடி கம்மாபுரத்துல என்கிட்ட ஒரு அம்மா வந்தாங்க. வயசு 64. எடை 72 கிலோ. விருத்தாசலம் பீங்கான் பட்டறையில பல வருஷம் வேலை பார்த்தவங்க. வெறும் வயிற்றில் சர்க்கரை 190. பெஞ்சிலிருந்து எழுந்திருக்க ரெண்டு கையையும் ஊன்ற வேண்டியிருந்தது.

"என்னம்மா சாப்பிடுறீங்க?"

"சுகருன்னு சொன்னதுலேர்ந்து முட்டை, பருப்பு, மீனு எல்லாத்தையும் விட்டுட்டேன் சார். காலையில கஞ்சி, மதியம் சோறு ரசம், ராத்திரி இட்லி. அவ்வளவுதான்."

கவனிச்சீங்களா? சர்க்கரையை அதிகம் ஏற்றாத உணவையெல்லாம் விட்டுட்டு, ஏற்றும் உணவை மட்டும் பிடிச்சுக்கிட்டாங்க. இது அவங்க தப்பு மட்டும் இல்லை. நம்ம தட்டு இப்படி ஆனதுக்குப் பின்னாடி நூறு வருஷக் கதை இருக்கு. பொறுமையா படிங்க.

2.
1918. நீலகிரி மாவட்டம் குன்னூர். அங்கிருந்த பாஸ்டர் இன்ஸ்டிடியூட்டில் ஒரு அறையில் ராபர்ட் மெக்கரிசன் என்ற மருத்துவர் பெரிபெரி நோய் பற்றிய ஆராய்ச்சியைத் தொடங்கினார். கால் மரத்துப்போய், உடம்பு வீங்கி, இதயம் செயலிழக்கும் நோய் அது. காரணம் தயமின் எனும் வைட்டமின் பி1 குறைபாடு. ஆலையில் நெல்லைத் தீட்டும்போது தவிட்டோடு தயமினும் போய்விடுகிறது.

3.
அன்றைய மதராஸ் மாகாணத்தில் தீட்டிய பச்சரிசி சாப்பிட்ட ஆந்திரக் கடலோர மாவட்டங்களில் பெரிபெரி அதிகம். புழுங்கல் சாப்பிட்ட தமிழ் மாவட்டங்களில் குறைவு. நெல்லை அவிக்கும்போது தவிட்டில் இருக்கும் தயமின் அரிசிக்குள் இறங்கிவிடும். நம்ம பாட்டிகள் தெரியாமலே செய்த வைத்தியம் இது.

4.
மெக்கரிசன் அதோடு நிற்கவில்லை. ஒரே இன எலிகளைக் குழுக்களாகப் பிரித்தார். ஒரு குழுவுக்குச் சீக்கியர் சாப்பாடு: முழுக்கோதுமை ரொட்டி, பால், தயிர், பருப்பு, காய்கறி, எப்போதாவது இறைச்சி. இன்னொரு குழுவுக்குப் பட்டாணியர் சாப்பாடு, அடுத்ததுக்கு மராத்தியர், வங்காளிகள்... கடைசியாக மதராசி சாப்பாடு. அரிசி பிரதானம், பால் சொற்பம்.

சீக்கியர் சாப்பாடு சாப்பிட்ட எலிகள் நல்லா வளர்ந்து முதலிடம். மதராசி எலிகள் கடைசி இடம்.

எல்லாமே ஒரே இன எலிகள். அப்போ வித்தியாசம் ரத்தத்தில் இல்லை, தட்டில் இருக்கு. அந்தக் காலத்துக்கு இது பெரிய விஷயம்.

5.
அந்தக் குன்னூர் ஆய்வகம்தான் 1958ல் ஐதராபாத்துக்கு இடம் மாறி, பிறகு தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக வளர்ந்தது. அதை வழிநடத்தியவர் சேலத்தில் பிறந்த டாக்டர் சி. கோபாலன்.

அப்போது உலகம் முழுக்க "ஏழை நாடுகளில் புரதப் பற்றாக்குறை" என்று ஒரே பேச்சு. கோபாலன் மாற்றிச் சொன்னார்: நம்ம குழந்தைகளுக்கு வயிறு நிறையச் சாப்பாடே இல்லை, முதலில் அதைக் கொடுங்கள். பசியோடு இருக்கிற உடம்பு, கிடைக்கும் புரதத்தையும் எரித்துவிடும். அந்தக் காலத்துக்கு மிகச் சரியான பேச்சு.

6.
வயிறு நிறைந்தது. 1960களில் ஏடிடி 27, ஐ.ஆர். 8 ரகங்கள் வந்தன. 1967ல் ரூபாய்க்கு ஒரு படி அரிசித் திட்டம். 2011லிருந்து ரேஷனில் விலையில்லா அரிசி. பஞ்சம் பார்த்த தலைமுறைக்கு அது உயிர். இதைக் குறை சொல்ல எனக்கு மனசு வராது.

பருப்பு பின்தங்கிவிட்டது. 2007ல் சிறப்புப் பொது விநியோகத் திட்டத்தில் துவரம்பருப்பும் ரேஷனுக்கு வந்தது, நல்ல விஷயம். ஆனா கார்டுக்கு மாதம் ஒரு கிலோ. கணக்குப் போடுங்க: நாலு பேர் வீட்டில் ஆளுக்கு ஒரு நாளைக்கு 8 கிராம் பருப்பு. அதில் புரதம் 2 கிராம்கூட வராது.

7.
இதே காலத்தில் இன்னொரு பக்கம். 1948ல் சென்னை ஸ்டான்லி மருத்துவமனையில் டாக்டர் எம். விஸ்வநாதன் நீரிழிவுக்கென்று தனிப் பிரிவு தொடங்கினார். அப்போது அது வசதியானவர்களின் நோய் என்று பேசப்பட்டது.

2023ல் வெளியான ஐ.சி.எம்.ஆர்-இந்தியாப் ஆய்வில் தமிழ்நாட்டுப் பெரியவர்களில் 14.4 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய். ஏழு பேருக்கு ஒருத்தர். நாற்று நட்ட கை மாறி இயந்திரம் வந்தாச்சு, நடந்த கால் மாறி பைக் வந்தாச்சு. தட்டில் சோற்றுக் குவியல் மட்டும் மாறவே இல்லை.

8.
அதே ஆய்வின் 2025 அறிக்கைப்படி, இந்தியர்கள் சாப்பிடும் கலோரியில் 62 சதவீதம் மாவுச்சத்து, வெறும் 12 சதவீதம் புரதம்.

2022ல் இதே குழு 18,090 பேரின் உணவை வைத்து ஒரு கணக்கீடு செய்தது. மாவுச்சத்தை மொத்தக் கலோரியில் சுமார் பாதியாகக் குறைத்து, புரதத்தை 20 சதவீதத்தை ஒட்டி உயர்த்தினால் சர்க்கரையைத் தடுக்கவும், புதிதாக வந்தவர்களுக்குப் பின்வாங்க வைக்கவும் வாய்ப்பு அதிகம் என்றது. இது கணக்கீடு, மருந்துச் சோதனை இல்லை. ஆனா திசை தெளிவா இருக்கு.

9.
வயசானவங்களுக்கு ஏன் இது ரொம்ப முக்கியம்?

சாப்பிட்டதும் ரத்தத்தில் ஏறும் சர்க்கரையின் பெரும்பகுதியை வாங்கி வைக்கும் குடோன் நம்ம தசைதான். வயசாக ஆகத் தசை கரையும், அறுபதுக்கு மேல் இன்னும் வேகமா. புரதத்தையும் நிறுத்தினால் குடோன் சுருங்கிக்கிட்டே போகும். வெளியே பார்த்தா குண்டு, உள்ளே தசை இல்லை. அந்த அம்மா கை ஊன்றி எழுந்தது அதனாலதான்.

10.
சரி, என்ன செய்யலாம்?

சிறுநீரகம் நல்லா இருக்கிற முதியவருக்கு, ஒரு கிலோ எடைக்கு ஒரு நாளைக்குச் சுமார் 1 கிராம் புரதம்.
* ஒரு முட்டை: 6 கிராம்
* 100 கிராம் மீன்: 18 முதல் 20 கிராம்
* 50 கிராம் பருப்பு, சுண்டல்: 10 கிராம்
* ஒரு கைப்பிடி மல்லாட்டை: 7 கிராம்

மல்லாட்டைக்கு வேற ஊர் போக வேணாம். விருத்தாசலம் ஆராய்ச்சி நிலையமே வி.ஆர்.ஐ. ரகங்களைக் கொடுத்த இடம். வேகவைத்துச் சாப்பிடுங்க, கைப்பிடியோட நிறுத்துங்க.

முக்கியம்: இதைச் சோற்றுக்கு மேல கூட்டக் கூடாது. ரெண்டு கரண்டி சோற்றைக் குறைத்து அந்த இடத்தில் வைக்கணும். கூடவே தினமும் நாற்காலியில் உட்கார்ந்து எழும் பயிற்சி. பயிற்சி இல்லாமல் புரதம் மட்டும் தசையைக் கட்டாது.

11.
எச்சரிக்கை. கிரியாட்டினின், சிறுநீர் ஆல்புமின் பார்க்காமல் புரதத்தை ஏற்றாதீங்க. ஏற்கெனவே சிறுநீரகப் பாதிப்பு இருந்தால் அளவு வேற, உங்க டாக்டர் சொல்வார். இன்சுலின், கிளிமிபிரைடு மாதிரி மருந்து எடுப்பவர்கள் சோற்றைத் திடீர்னு குறைத்தால் தாழ்சர்க்கரை வரும். கேட்டுட்டுச் செய்யுங்க. பவுடர் டப்பா வாங்கிக் காசை விடாதீங்க.

12.
அந்த அம்மாவுக்கு ரெண்டு டெஸ்ட்டும் நார்மல். தினம் ஒரு முட்டை, மதியம் ஒரு கிண்ணம் கெட்டிப் பருப்பு, வாரம் ரெண்டு நாள் மீன், சோறு பாதின்னு எழுதிக் கொடுத்தேன். போன வாரம் வந்தாங்க. எடை 69. வெறும் வயிற்றில் 138. மாத்திரையையும் ஒழுங்கா போட்டாங்க, நடந்தாங்க. அதனால எல்லாப் புகழும் பருப்புக்கே இல்லை.

சீட்டை வாங்கிட்டு பெஞ்சிலிருந்து எழுந்தாங்க. கை ஊன்றவே இல்லை.

இன்னைக்கு உங்க வீட்டுப் பெரியவங்க தட்டை ஒரு தடவை எட்டிப் பாருங்க. சோறு எவ்வளவு, பருப்பு எவ்வளவு? கமெண்டில் சொல்லுங்க.